ஆங்கில நிகழ்காலமும் காவிரி நீரும்



ஆங்கில இலக்கணத்தில் முதன்முதலில் கற்பிக்கப்படும் பாடம் எது என்று கேட்டால், ‘சிம்பிள் பிரசெண்ட்’ என்று சொல்வேன். பட்டம் பெற்ற பின்னரும் பலர் பிழை செய்யும் பாடம் எது என்று கேட்டாலும் அதே விடையைத்தான் சொல்வேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தஞ்சை வட்டாரத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருத்திய விடைத்தாள்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் மிகுதியாகச் சிவப்பு மை பட்ட இடம் இந்த ஒரு காலத்தைச் சார்ந்ததே ஆகும்.

‘ஐ ஆம் நோயிங் இங்கிலீஷ்’ என்று ஒரு மாணவன் எழுதுவான். ‘மை ஃபாதர் இஸ் ஹாவிங் த்ரீ ஏக்கர்ஸ்’ என்று மற்றொருவன் எழுதுவான். ‘ஹி கோ டு ஸ்கூல்’ என்று ஒருத்தி எழுத, அடுத்தவள் ‘ஹி டஸ் நாட் கோஸ்’ என்று எழுதுவாள். இவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். பிழைகளை உற்று நோக்கினால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருப்பது புலப்படும். அந்தக் காரணம் பெரும்பாலும் நம் தாய்மொழியின் அமைப்பில் இருக்கிறது. பிழைக்குக் காரணமான அதே தாய்மொழியில், பிழையைத் தீர்க்கும் வழியும் இருக்கிறது. தமிழிலக்கணம் தெளிந்தவனுக்கு இந்த ஆங்கிலப் பாடம் எளிதாகும் என்பதே இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்த செய்தி.

முதலில் பெயரைப் பார்ப்போம். ‘சிம்பிள்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ‘எளியது’ என்று பலர் பொருள் கொள்கிறார்கள். இங்கே அச்சொல்லுக்குத் ‘தனித்தது’ என்பதே பொருள். துணைவினை எதுவும் கூடாமல், வினைச்சொல் தனியே நின்று காலம் காட்டுவதால் அதற்கு அப்பெயர் வந்தது. ‘ஐ கோ’ என்பதில் வினை தனித்து நிற்கிறது. ‘ஐ ஆம் கோயிங்’ என்பதில் ‘ஆம்’ என்னும் துணைவினை கூடுகிறது. முன்னதை இயல்பு நிகழ்காலம் என்றும், பின்னதைத் தொடர் நிகழ்காலம் என்றும் இந்தப் பேச்சில் வழங்குவோம். ‘இயல்பு’ என்ற சொல்லை நான் ஏன் தேர்ந்தேன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

பெயரில் நிகழ்காலம் என்று இருந்தாலும், இந்த இயல்பு நிகழ்காலம் இப்பொழுது கண்முன் நடப்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. என்றும் உள்ளதை, வழக்கமாக நடப்பதை, ஒன்றன் தன்மையைச் சொல்வதே அதன் தொழில். இப்பொழுது நடந்துகொண்டிருப்பதைச் சொல்வது தொடர் நிகழ்காலத்தின் வேலை. இந்த வேறுபாட்டை விளக்கக் காவிரியைவிடச் சிறந்த துணை எனக்குக் கிடைத்ததில்லை.

சித்திரை மாதத்து நண்பகலில் திருவையாற்றுப் பாலத்தின்மேல் நின்று கீழே பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான் தெரியும். அந்த வேளையில், ‘தி காவேரி ஃப்ளோஸ் இன்டு தி பே ஆஃப் பெங்கால்’ என்று ஒருவர் சொன்னால் அது மெய்யா, பொய்யா? முற்றிலும் மெய். குடகுமலையில் பிறந்து பூம்புகாருக்கு அருகில் கடலோடு கலப்பது காவிரியின் இயல்பு. ஆற்றில் நீர் இல்லாத நாளிலும் அந்த உண்மை மாறுவதில்லை. ஆனால் அதே பாலத்தின்மேல் நின்று, ‘தி காவேரி இஸ் ஃப்ளோயிங்’ என்று ஒருவர் சொன்னால், அவர் கண்ணை மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான். முதல் வாக்கியம் ஆற்றின் இயல்பைச் சொல்கிறது. இரண்டாம் வாக்கியம் இன்றைய நிலையைச் சொல்கிறது. வறண்ட ஆற்றின்முன் நின்றால், ஒன்று மெய்யாகவும் மற்றொன்று பொய்யாகவும் ஆகிவிடுகின்றன.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் பாசனத்துக்கு வந்தது. குறுவைச் சாகுபடிக்காக ஜூன் மாதம் 12-ஆம் நாள் அந்த அணையைத் திறப்பது வழக்கம். இதனை ஆங்கிலத்தில் ‘தி டாம் ஓப்பன்ஸ் ஆன் தி ட்வெல்ஃப்த் ஆஃப் ஜூன்’ என்று இயல்பு நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டில் நீர்வரத்து மிகுந்திருந்தமையால் அணை மே மாதம் 24-ஆம் நாளே திறக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் நீர் இருப்புப் போதாமையால் ஜூலை மாதம் 28-ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் நாள் முன்னும் பின்னும் ஆகலாம்; வழக்கம் வழக்கமாகவே நிற்கிறது. வழக்கத்தைச் சொல்லும் வாக்கியத்துக்கும் நிகழ்ச்சியைச் சொல்லும் வாக்கியத்துக்கும் உள்ள இடைவெளியை நம் உழவர்கள் நன்கு அறிவார்கள். ஜூன் 12 வந்துவிட்டது என்பதற்காக எவரும் நாற்றங்காலில் விதை விடுவதில்லை. மதகு திறந்த செய்தி வந்த பின்னரே விடுகிறார்கள். ஆங்கிலம் இந்த இடைவெளியை வினைச்சொல்லின் வடிவத்திலேயே காட்டுகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். ‘காவிரி பாய்கிறது’ என்று நாம் சொல்லும்போது, இயல்பைச் சொல்கிறோமா, இன்றைய நிலையைச் சொல்கிறோமா? இரண்டையும் சொல்லலாம். ‘காவிரி தஞ்சை நாட்டில் பாய்கிறது’ என்றால் இயல்பு. ‘அதோ, வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது’ என்றால் இப்போதைய நிகழ்ச்சி. ‘கிறு’ என்னும் ஒரே இடைநிலை இரண்டு வேலைகளையும் செய்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு வேலைகளுக்கும் இரண்டு வடிவங்கள் இருப்பதால், தமிழ் மாணவன் எந்த வடிவத்தை எடுப்பது என்று அறியாமல் தடுமாறுகிறான்.

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியது என்று எண்ணி வருந்த வேண்டா. ஜெர்மன் மொழியிலும் இலத்தீன் மொழியிலும் ‘செல்கிறேன்’ என்பதற்கு ஒரே வினை வடிவந்தான் உண்டு. நம் சோழநாட்டுக் கடற்கரையாகிய தரங்கம்பாடியில் 1706-ஆம் ஆண்டு வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1716-ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் ஒரு தமிழ் இலக்கணத்தை வெளியிட்டார். நம்முடைய ‘செல்கிறேன்’ அவருக்குப் புதிராக இருந்திருக்க வழியில்லை. அவர் தாய்மொழியும் அவ்வகையில் நம் மொழியைப் போன்றதே. ஆங்கிலமுங்கூட முன்பு இவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில், எதிரில் அமர்ந்து நூல் படித்துக்கொண்டிருப்பவனை நோக்கி ‘என்ன படிக்கிறாய்?’ என்று வினவும்போது இயல்பு நிகழ்காலத்தையே வழங்கலாம். பின்வந்த நூற்றாண்டுகளில்தான் தொடர் நிகழ்காலம் வளர்ந்து தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டது.

தமிழ் இந்த வேறுபாட்டை அடியோடு அறியாததா? அன்று. உடன்பாட்டு வாக்கியத்தில் மறைந்து கிடக்கும் வேறுபாடு, எதிர்மறை வாக்கியத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. ‘அவர் காப்பி குடிக்கிறார்’ என்ற வாக்கியத்தை எதிர்மறையாக்குங்கள். ‘அவர் காப்பி குடிப்பதில்லை’ என்று ஒரு விடை வரும்; ‘அவர் காப்பி குடிக்கவில்லை’ என்று மற்றொரு விடை வரும். இரண்டும் ஒன்றா? குடிப்பதில்லை என்றால் அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பது பொருள். குடிக்கவில்லை என்றால் இன்று, இந்த வேளையில் குடிக்கவில்லை என்பது பொருள். விருந்தாளியை உபசரிக்கும் எந்தத் தாயும் இந்த வேறுபாட்டில் தவறுவதில்லை. ‘குடிக்கவில்லை’ என்றால் மேலும் வற்புறுத்துவாள். ‘குடிப்பதில்லை’ என்றால் மோர் கொண்டுவந்து கொடுப்பாள்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. நீங்கள் ஆங்கிலத்தில் சொல்ல விரும்பும் கருத்தை மனத்துக்குள் தமிழில் எதிர்மறையாக்கிப் பாருங்கள். ‘-வதில்லை’, ‘-பதில்லை’ என்று முடிவது பொருத்தமானால், ஆங்கிலத்தில் இயல்பு நிகழ்காலத்தை எழுதுங்கள். ‘-வில்லை’ என்று முடிவது பொருத்தமானால், தொடர் நிகழ்காலமோ இறந்தகாலமோ வரவேண்டிய இடம் என்று அறியுங்கள். ‘சித்திரையில் காவிரி ஓடுவதில்லை’ என்பது ‘தி காவேரி டஸ் நாட் ஃப்ளோ இன் ஏப்ரல்’ என்றாகும். ‘இன்று காவிரி ஓடவில்லை’ என்பது ‘தி காவேரி இஸ் நாட் ஃப்ளோயிங் டுடே’ என்றாகும். என் வகுப்புகளில் நூறு பயிற்சிகள் செய்யாத வேலையை இந்த ஒரு சோதனை செய்ததுண்டு.

இச்சோதனைக்குக் கட்டுப்படாத ஒரு சிறு கூட்டமும் உண்டு. அறிதல், விரும்புதல், உடைமை, உரிமை போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். நெல் அறுப்பதைப்போலத் தொடங்கி, நடந்து, முடிவன அல்ல. ஆகவே ‘நோ’, ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘லைக்’, ‘வாண்ட்’, ‘பிலாங்’ முதலிய வினைகளை ஆங்கிலம் வழக்கமாக இயல்பு நிகழ்காலத்திலேயே வைக்கிறது. இங்கேயும் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. ‘எனக்குத் தெரியும்’, ‘புரியும்’, ‘பிடிக்கும்’, ‘வேண்டும்’ என்றே நாம் சொல்கிறோம். ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. அப்படியிருக்க, ‘ஐ ஆம் நோயிங்’ என்று மட்டும் ஏன் எழுத வேண்டும்? ‘உம்’ என்று முடியும் இந்தச் சொற்களைக் கண்டால் இயல்பு நிகழ்காலத்தை நினையுங்கள். ‘புரியவில்லை’ என்று நாம் சொல்லும் இடத்திலும் ஆங்கிலம் ‘ஐ டூ நாட் அண்டர்ஸ்டாண்ட்’ என்றே சொல்லும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உடைமையைச் சொல்லும் ‘ஹாவ்’ என்ற சொல்லில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். ‘எனக்கு இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள்’ என்பதிலுள்ள ‘இருக்கிறார்கள்’ என்ற சொல் அவர்களை ‘ஹாவிங்’ பக்கம் இழுத்துச் செல்கிறது. அண்ணன்மார் இருப்பது நிலை, செயல் அன்று. ஆதலால் ‘ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்’ என்பதே சரி.

‘உம்’ என்று முடியும் வினையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதால், நம் இலக்கண ஆசிரியர்கள் இதனைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையும் பார்த்துவிடுவோம். தொல்காப்பியர் வினையியலில், மூன்று காலத்திலும் ஒரே தன்மையாக இருக்கும் பொருளைப் பற்றிப் பேசுகிறார். நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது, நாளையும் இருக்கும் என்று மூன்று வாக்கியங்களாகச் சொல்வதா? வேண்டா, நிகழ்காலத்துக்குரிய ‘செய்யும்’ என்னும் பொதுச்சொல் ஒன்றாலேயே சொல்லிவிடலாம் என்பது அவர் வகுத்த விதியின் கருத்து. ‘காவிரி கடல் சேரும்’, ‘முற்றிய கதிர் தலை சாயும்’ என்பன போன்ற வாக்கியங்கள் இந்த விதிக்குள் அடங்கும். பின்வந்த பவணந்தி முனிவரும் நன்னூலின் சொல்லதிகாரத்தில், முக்காலத்துக்கும் ஒத்த பொருளை நிகழ்காலத்தால் சொல்லும் மரபை வகுத்துரைத்தார். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலத்துக்குரிய சொல் மற்றொரு காலத்தில் வருவதும் உண்டு என்று அதனையடுத்துக் கூறினார். ஆங்கில இயல்பு நிகழ்காலத்தின் உயிர்நிலை இதுவே. ‘இயல்பு’ என்ற பெயரை நான் தேர்ந்ததற்கும் காரணம் இதுதான். ஆங்கிலப் பாடத்தில் புதியது என்று நாம் அஞ்சும் கருத்து, ஆங்கிலேயர் நம் நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் இலக்கணத்தில் இடம் பெற்றிருந்தது.

ஆனால் இந்த ‘உம்’ ஒரு பொறியும் வைத்திருக்கிறது. இன்று பள்ளிகளில் ‘உம்’ என்பதை எதிர்கால வடிவமாகக் கற்பிக்கிறோம். அதனால் ‘கதிரவன் கிழக்கில் உதிக்கும்’ என்பதை ‘தி சன் வில் ரைஸ்’ என்றும், ‘தபால்காரர் நாள்தோறும் வருவார்’ என்பதை ‘தி போஸ்ட்மேன் வில் கம் டெய்லி’ என்றும் மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். வழக்கத்தைச் சொல்லத் தமிழில் எதிர்கால வடிவம் வரலாம். பொதுவாக ஆங்கிலத்தில் அவ்விடத்தில் இயல்பு நிகழ்காலமே வரும். ‘தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்’. ‘தி போஸ்ட்மேன் கம்ஸ் டெய்லி’. நாள்தோறும், ஆண்டுதோறும், எப்போதும், வழக்கமாக என்ற சொற்களுள் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தால் பொருள் கெடவில்லையானால், அங்கே ‘வில்’ வேண்டுவதில்லை.

இனி, அந்தச் சின்னஞ்சிறு ‘எஸ்’ என்ற எழுத்தைப் பற்றிப் பேசுவோம். ஹி, ஷி, இட் என்னும் படர்க்கை ஒருமை எழுவாய்க்கு மட்டும் வினையின் இறுதியில் ‘எஸ்’ சேர்கிறது. ஐ கோ, யூ கோ, வீ கோ, தே கோ. ஆனால் ஹி கோஸ். ‘இது என்ன தொல்லை?’ என்று மாணவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. நம் மொழியை எண்ணிப் பாருங்கள். செல்கிறேன், செல்கிறோம், செல்கிறாய், செல்கிறீர்கள், செல்கிறான், செல்கிறாள், செல்கிறார், செல்கிறது, செல்கிறார்கள், செல்கின்றன என்று பத்து வடிவங்களைப் பள்ளிக்கு வருமுன்னரே நாக்கில் ஏற்றிக்கொண்டவர்கள் நீங்கள். பத்தைச் சுமக்கும் தோளுக்கு ஒன்று பாரமாகுமா? ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் விகுதிகள் மிகுதியாக இருந்தன. 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் ‘ஹி கோயத்’ என்பது போன்ற வடிவங்களைக் காணலாம். மற்ற விகுதிகள் உதிர்ந்துபோக, எஞ்சி நிற்பது இந்த ‘எஸ்’ ஒன்றே. எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள உறவை அறிவிக்கும் கடைசிச் சான்று அது.

வினாவிலும் எதிர்மறையிலும் இந்த ‘எஸ்’ இடம் மாறும். ‘ஹி கோஸ்’ என்பது எதிர்மறையாகும்போது ‘டூ’ என்னும் துணைவினை வந்து சேர்கிறது. வந்தவுடன் ‘எஸ்’ விகுதியைத் தான் வாங்கிக்கொண்டு ‘டஸ்’ ஆகிவிடுகிறது. ஆகவே ‘ஹி டஸ் நாட் கோ’ என்பதே சரி. ‘டஸ்’ என்ற சொல்லுக்கும் ‘கோஸ்’ என்ற சொல்லுக்கும் ஒரே வாக்கியத்தில் இடமில்லை. நம் ஊரில் முறைத்தண்ணீர் பாய்ச்சுவதை எண்ணிக்கொள்ளுங்கள். மேல்மடையைத் திறந்தால் கீழ்மடையை அடைக்க வேண்டும். இருவர் ஒரே வேளையில் ஒரே முறையை எடுக்க இயலாது. ‘எஸ்’ விகுதியும் அப்படியே. ஒரு வாக்கியத்துக்கு ஒரு முறைதான்.

எதிர்காலத்தைச் சொல்லவும் இயல்பு நிகழ்காலம் பயன்படும் என்றால் வியப்பாக இருக்கும். இரண்டு இடங்களில் அப்படி வரும். ஒன்று, கால அட்டவணை. ‘தி உழவன் எக்ஸ்பிரஸ் லீவ்ஸ் தஞ்சாவூர் டுநைட்’ என்று சொல்வது பிழையன்று. அட்டவணையில் எழுதப்பட்டது வழக்கத்தைப்போல உறுதியானது என்பது கருத்து. மற்றொன்று, ‘வென்’, ‘இஃப்’ முதலிய சொற்களால் தொடங்கும் துணைவாக்கியம். ‘தண்ணீர் வந்ததும் நடவு செய்வோம்’ என்பதை ‘வென் தி வாட்டர் கம்ஸ், வீ வில் டிரான்ஸ்பிளாண்ட்’ என்று எழுத வேண்டும். ‘வென் தி வாட்டர் வில் கம்’ என்று எழுதுவது வழக்கில்லை. தமிழிலும் நாம் ‘வரும்’ என்று எதிர்காலம் சொல்லாமல், ‘வந்ததும்’, ‘வந்தால்’ என்று இறந்தகாலச் சாயலில் சொல்வதைக் கவனியுங்கள். இரு மொழிகளும் அந்த இடத்தில் எதிர்காலத்தைத் தவிர்க்கின்றன. ஒன்று இறந்தகாலத்தை நாடுகிறது, மற்றொன்று நிகழ்காலத்தை நாடுகிறது.

அறிவுத்துறை நூல்களைத் திறந்தாலும் இந்தக் காலமே ஆட்சி செய்வதைக் காணலாம். நீர் கொதிக்கிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகைக்குச் சமமாகின்றன என்று அறிவியலும் கணிதமும் என்றும் உள்ள உண்மைகளை இயல்பு நிகழ்காலத்தில் உரைக்கின்றன. கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜம், 1904-ஆம் ஆண்டில் அவ்வூர் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் செலுத்தாமல் தேர்வில் தவறி, அந்த உதவித்தொகையை இழந்தார் என்பது நீங்கள் அறிந்த வரலாறு. மொழிப்பாடம் ஒரு மேதைக்கே தடையாக நின்றதுண்டு. அவருக்குப் பின்னர் ஒரு ஹார்டி வந்தார். எல்லாருக்கும் ஒரு ஹார்டி வருவதில்லை. ஆதலால், தடையாக நிற்கும் பாடத்தை நாமே கடந்துவிடுவது நல்லது.

இதனால் வாழ்க்கையில் என்ன பயன், மதிப்பெண் இரண்டு கூடுவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நான் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கடைமடைப் பகுதியில் ஒரு சிற்றூர். வாய்க்காலின் கோடியில் இருப்பதால், ஆற்றில் தண்ணீர் வந்தாலும் அந்த ஊர் வயல்களுக்கு அது முழுமையாக வந்து சேர்வதில்லை. ஊரார் சேர்ந்து, ஆங்கிலத்தில் கடிதப் போக்குவரத்து நடத்தும் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். கல்லூரியில் படித்த ஓர் இளைஞர் அதனை எழுதினார். ‘வீ ஆர் நாட் கெட்டிங் வாட்டர்’ என்பது அதன் முதல் வாக்கியம். சில வாரங்களில் விடை வந்தது. இப்போது வாய்க்காலில் தண்ணீர் விடப்பட்டுவிட்டது, ஆகவே மேல் நடவடிக்கை தேவையில்லை என்று அதில் கண்டிருந்தது.

ஊரார் கொதித்துப் போனார்கள். அந்தக் கடிதங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். படித்துப் பார்த்தேன். விண்ணப்பம் சொன்னது, ‘இப்போது எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை’ என்பது. ஊரார் சொல்ல நினைத்தது, ‘எங்களுக்குத் தண்ணீர் வருவதில்லை’ என்பது. முன்னது ஒரு வாரத்துக் குறை. பின்னது ஒரு தலைமுறைக் குறை. ஒரு வாரத்துக் குறைக்கு ஒரு வாரத்து விடை கிடைத்துவிட்டது. ‘வீ டூ நாட் கெட் இனஃப் வாட்டர்’ என்று தொடங்கி, எந்த மாதத்தில் எவ்வளவு நிலம் காய்கிறது, எந்த மதகு பழுதாகிக் கிடக்கிறது என்று ஒவ்வொன்றையும் இயல்பு நிகழ்காலத்தில் எழுதி மறுபடியும் அனுப்பினார்கள். இம்முறை, எத்தனை ஆண்டுகளாக இந்நிலை என்று கேட்டும், ஆண்டுவாரிக் கணக்கை வேண்டியும் கடிதம் வந்தது. வாக்கியத்தைத் திருத்தியதனால் வயலில் தண்ணீர் பாய்ந்துவிடாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வைத்தது அந்த வாக்கியம்.

நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மாணவர்களும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘உன் தந்தை என்ன செய்கிறார்?’ என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். ‘மை ஃபாதர் இஸ் க்ரோயிங் பாடி’ என்று சொன்னால், இந்தப் பருவத்துக்கு நெல் போட்டிருக்கிறார், அடுத்த பருவத்துக்கு எதுவோ என்ற பொருள் தொனிக்கும். ‘மை ஃபாதர் க்ரோஸ் பாடி’ என்று சொன்னால், அது அவருடைய தொழில், அவருடைய வாழ்க்கை என்ற பொருள் நிற்கும். ‘மை மதர் டிரான்ஸ்பிளாண்ட்ஸ் பாடி ஃபார் வேஜஸ்’ என்று, கூலிக்கு நாற்று நடும் தாயைப் பற்றித் தலைநிமிர்ந்து சொன்ன ஒரு மாணவியை நான் அறிவேன். அந்த வாக்கியத்தில் ஓர் ‘எஸ்’ விகுதியும் பிசகவில்லை. அவள் குரலும் பிசகவில்லை. தாய் தந்தையரின் உழைப்பைச் சரியான காலத்தில் சொல்வதும் அவர்களுக்குச் செய்யும் ஒரு மரியாதை என்று நான் கருதுகிறேன்.

சிற்றூரில் பிறந்தவருக்கு ஆங்கிலம் கைவராது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள வலங்கைமானில் 1869-ஆம் ஆண்டில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார், கும்பகோணத்தில் பயின்று, ஆசிரியர் தொழிலை ஏற்று, சென்னைத் திருவல்லிக்கேணியில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக விளங்கினார். பின்னாளில் அவருடைய ஆங்கிலப் பேச்சு கடல் கடந்த நாடுகளிலும் பாராட்டப் பெற்றது. அவர் குடித்ததும் இதே காவிரி நீர்தான். சொல்லின் நுட்பத்தில் அவர் காட்டிய விடாமுயற்சியே அவரை உயர்த்தியது.

நிறைவாக ஒரு பயிற்சி சொல்கிறேன். ஓர் ஏட்டை எடுத்து, இடப்பக்கத்தில் உங்கள் ஊரில் என்றும் நடக்கும் செய்திகளைப் பத்து வாக்கியங்களாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். குறுவை எப்போது விதைக்கப்படுகிறது, சம்பா எப்போது அறுவடையாகிறது, சந்தை எந்தக் கிழமை கூடுகிறது, பேருந்து எத்தனை முறை வருகிறது என்று எழுதலாம். வலப்பக்கத்தில், திண்ணையில் அமர்ந்து அந்த வேளையில் கண்ணில் படுவனவற்றைப் பத்து வாக்கியங்களாக எழுதுங்கள். யார் வைக்கோல் உதறுகிறார், எந்த மாடு நீர் குடிக்கிறது, வானம் எப்படிக் கறுக்கிறது என்று எழுதலாம். இடப்பக்கம் முழுவதும் இயல்பு நிகழ்காலம். வலப்பக்கம் முழுவதும் தொடர் நிகழ்காலம். ஐயம் வந்தால் தமிழில் எதிர்மறையாக்கிச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு திங்கள் இப்படி எழுதிவந்தால், இரண்டு காலங்களும் உங்கள் கைக்குள் அடங்கிவிடும்.

ஊரின் இயல்பு எது, இன்றைய நிகழ்ச்சி எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமும் அதனோடு கூடவே வந்து சேரும். அந்தப் பழக்கம் ஆங்கிலத் தேர்வு முடிந்த பின்னரும் உங்களுக்குப் பயன்படும்.